டர்போவைக் கழற்றுவதற்கு முன்னால்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டு ஓரமாக 19 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் டாக்ஸி. தினமும் கல்லாறு தாண்டி மேலே ஏறி இறங்குகிற வண்டிகள். சமவெளியில் ஒரு வருஷம் ஓடினாலும் வெளியே தெரியாத டர்போ கோளாறு, குன்னூர் ஏற்றத்தில் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த வேலை எனக்கு இவ்வளவு பழக்கம்.

போன ஐப்பசி மழையில் ஒரு டிரைவர் தம்பி வந்தார். 1.3 லிட்டர் டீசல் வண்டி. பர்லியாறு தாண்டியதும் பிக்கப் விழுந்துவிடுகிறது, பின்னால் கரும்புகை, செக் இன்ஜின் லைட் எரிகிறது என்றார். வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். டர்போ போய்விட்டது, 42,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் முதலில் செய்தது, டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்ததுதான். விரலில் ஆயில் ஒட்டியது. ஹோஸை அழுத்தி வளைத்ததும் இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் பிளந்தது. கையை எடுத்தால் மூடிக்கொண்டது. வண்டி நிற்கும்போது மூடியிருக்கும், ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும். மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது படவே படாது. ஹோஸ் 1,900 ரூபாய். இரண்டு கிளாம்பும் புதுசாகப் போட்டு அனுப்பினேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டர்போ என்று என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றில் டர்போ நன்றாகவே இருக்கிறது. நிஜமாகவே செத்துப்போன டர்போ வந்தால், அதை வேறு ஏதோ ஒன்று கொன்றிருக்கும். அந்த வேறு ஒன்றைப் பிடிக்காமல் புது டர்போ மாட்டினால், அதுவும் போகும். டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்தப் பணம் இரண்டு மாசச் சம்பாத்தியம். அதனால் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

டர்போவுக்குள் இருப்பது ஒரு தண்டு, அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். ஒரு பக்கச் சக்கரத்தை இன்ஜினிலிருந்து வெளியேறுகிற புகை சுற்றுகிறது, அதே தண்டில் இருக்கிற மறுபக்கச் சக்கரம் காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் தண்டு பேரிங்கைத் தொடுவதில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் சில நொடி வராவிட்டாலும் போதும், கதை முடிந்தது. இந்த ஒரு விஷயம் மனசில் இருந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

புகையும் சத்தமும்

வண்டி வந்ததும் ஸ்கேனரை எடுக்காதீர்கள். டிரைவரிடம் பேசுங்கள். எந்த கியரில், எந்த இடத்தில் பிக்கப் விழுகிறது? சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறதா? ஆகிறது என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ தானே பவரைக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கரும்புகை என்றால் டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. ஹோஸ் கிழிசல், அடைத்த ஏர் ஃபில்டர், திறந்த நிலையில் மாட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்கே விடுவது), எல்லாம் இதே புகையைத்தான் தரும். இழுவை இல்லை, ஆனால் புகையும் இல்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர் மேல். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்து மறைந்துவிட்டால் வால்வு சீலைப் பாருங்கள். பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஏக்சிலேட்டரை மிதிக்கும்போது குப்பென்று வந்தால் டர்போ பக்கம் திரும்பலாம். அதிலும் டர்போ சீல் போச்சு என்று உடனே முடிவு கட்டாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

நல்ல டர்போவுக்கும் மெல்லிய விசில் உண்டு. அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். போன மாசம் இல்லாத விசில், வேகம் ஏற ஏற ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடுகிறது என்றால் சக்கரம் பேலன்ஸ் தவறியிருக்கிறது, அல்லது சக்கர இலையில் அடிபட்டிருக்கிறது. உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் என்றால் ஹோஸ். இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். பட்டறை வரை ஓட்டிக்கொண்டு வரக் கூடாது, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். உடைந்த துண்டு இன்டர்கூலர் வழியாக சிலிண்டருக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும்

பி0299 என்றால் அழுத்தம் போதவில்லை. பி0234 என்றால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. ஸ்கேனரில் வருகிற கோளாறுக் குறியீடு இவ்வளவுதான் சொல்லும். டர்போவை மாற்று என்று எந்தக் குறியீடும் சொல்வதில்லை. பி0299 வந்ததும் புது டர்போவுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

லைவ் டேட்டாவைத் திறங்கள். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், இங்கே 97 கிலோபாஸ்கல் பக்கத்தில் காட்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் 77, 78 தான் வரும். இங்கே நிற்கிற வண்டியில் 88 என்று காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. கழற்றிப் பாருங்கள், மூக்கு முழுக்கக் கரியும் ஆயிலும் அப்பியிருக்கும். கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டினால் பல வண்டிகள் அதோடு சரியாகிவிடும்.

அடுத்து ரோடு டெஸ்ட். கல்லாறு பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ஏற்றத்தில், மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து 3,000 வரை ஏக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஏற்றுவேன். பக்கத்தில் பையன் ஸ்கேனரில் இரண்டு வரைபடக் கோட்டைப் பதிவு பண்ணுவான். ஒன்று ஈசியூ கேட்கிற அழுத்தம், இன்னொன்று நிஜத்தில் கிடைக்கிற அழுத்தம். ஓட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கிடைப்பது கேட்பதைவிடக் கடைசி வரை கீழேயே இருந்தால் கசிவு, அல்லது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஆக்சுவேட்டர், அல்லது தேய்ந்த டர்போ. கிடைப்பது சட்டென்று மேலே எகிறி, அடுத்த நொடி பவர் விழுந்தால் விஜிடி டர்போவின் உள் இலைகள் (புகையின் வழியைக் கூட்டிக் குறைக்க நகர்பவை) கரியில் சிக்கியிருக்கின்றன. இரண்டு கோடும் ஒட்டிப் போகிறது, ஆனாலும் இழுவை இல்லை என்றால் டர்போ அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது, டீசல் பக்கம் போங்கள். ஈசியூ கேட்பதே குறைவாக இருந்தால் வேறு ஏதோ கோளாறுக்காக அது முன்னாலேயே பவரைக் குறைத்துவிட்டது. மீதிக் கோளாறுக் குறியீடுகளையும் படியுங்கள்.

மலையில் மட்டும் ஏன் வருகிறது என்று டிரைவர்கள் அடிக்கடி கேட்பார்கள். இன்ஜினுக்குள் 200 கிலோபாஸ்கல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 97-ஐ இரண்டு மடங்கு ஆக்கினால் போதும். ஊட்டியில் 77-ஐ இரண்டரை மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். ஈசியூ மேலே கொஞ்சம் குறைத்துத்தான் கேட்கும், ஆனாலும் டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். கீழே மறைந்திருந்த சின்னக் கசிவு மேலே போனதும் வெளியே வருவது இதனால்தான்.

கசிவைப் பிடிப்பது

புகை அடித்துப் பார்க்கிற மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பிளம்பிங் கடையில் பிவிசி என்ட் கேப் ஒன்று வாங்குங்கள், டர்போவின் காற்று நுழைகிற வாய்க்குப் பொருந்துகிற அளவில். நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயருக்குப் போடுகிற வால்வைச் சொருகுங்கள். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கேப்பை ரப்பர் துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வழியாக 0.7 பார் வரைக்கும் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கேப்புக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், கழன்றால் குண்டு மாதிரி வரும்.

இப்போது சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். நுரை எங்கே பொங்குகிறது என்று பார்த்தால் போதும். கிளாம்ப் கடிக்கிற இடம், ஹோஸ் வளைகிற இடத்தின் உள்பக்கம், ஹோஸ் வேறு ஏதாவது பிராக்கெட்டில் உரசுகிற இடம், இன்டர்கூலரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேருகிற ஓரம் ஆகியவற்றை விடாதீர்கள். ஆயில் கேஜ் குழாயில் லேசாகக் காற்று வரும். திறந்திருக்கிற வால்வு வழியாக, பிஸ்டன் ரிங் தாண்டி வருகிற காற்று அது, அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம்.

ஹோஸைக் கழற்றும்போது உள்ளே மெல்லிய ஆயில் ஈரம் இருந்தால் பயப்படாதீர்கள். இன்ஜினுக்குள் சேருகிற ஆவியை வெளியே விடுகிற பிரீதர் வழியாக வருகிற ஆயில் ஆவி அது, எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். கவிழ்த்தால் ஊற்றுகிற அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் விசாரணை.

ஆக்சுவேட்டர்

பல டீசல் விஜிடி டர்போக்களில் வேக்குவம் ஆக்சுவேட்டர்தான் இருக்கும். பையனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு அதன் ராடைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் உள்ளே இழுக்க வேண்டும், ஆஃப் பண்ணினால் சாவகாசமாகத் திரும்பி வர வேண்டும். நகரவே இல்லை என்றால் கை வேக்குவம் பம்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டி இழுங்கள். ராடு தங்குதடையில்லாமல் வந்து, முள் ஒரு நிமிஷம் இறங்காமல் நின்றால் ஆக்சுவேட்டர் நல்லது. அப்படியானால் சின்ன வேக்குவம் ஹோஸ்களையும், வேக்குவத்தைத் திறந்து மூடுகிற சோலனாய்டையும் பாருங்கள். பேட்டரி பக்கத்தில் போகிற மெல்லிய ஹோஸை எலி கடித்து, டர்போ வேண்டும் என்று வந்த வண்டியும் உண்டு. அந்த ஹோஸ் 60 ரூபாய்.

ராடு திக்கித் திக்கி வந்தால் உள்ளே கரி. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம், 1,500 சுற்றைத் தாண்டாமல் ஓட்டுகிற வண்டிகளுக்கு இது சகஜம். டர்போவைக் கழற்றி இலை வளையத்தை முழுக்கச் சுத்தம் பண்ணினால் பல நேரம் தேறிவிடும். ஒன்று மட்டும்: ராடு முட்டி நிற்கிற ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது கம்பெனியில் காற்றோட்டம் அளந்து வைத்தது, ஸ்பேனரால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பெட்ரோல் டர்போவில் பெரும்பாலும் வேஸ்ட்கேட், மிஞ்சிய புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடுகிற அமைப்பு. அதன் கதவு முழுக்க மூடுகிறதா, கீல் தேய்ந்து கடகடக்கிறதா என்று பாருங்கள். மிஸ்ஃபயர் ஆகிற ஸ்பார்க் பிளக்கும் டர்போ போன மாதிரியே நடிக்கும்.

தண்டைக் கையால் பார்ப்பது

இன்ஜின் ஆறியதும் ஏர் பைப்பைக் கழற்றி, தண்டின் மூக்கை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆயில் படலத்துக்கான இடம் அது. ஆட்டும்போது சக்கர இலை சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கவே கூடாது. தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் போயிருக்கிறது, அந்த டர்போ முடிந்தது. டார்ச் அடித்து இலைகளின் முனையையும் பாருங்கள். மணல் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் ஒழுங்காக உட்காராமல் தூசி போயிருக்கிறது. வெட்டுப்பட்டிருந்தால் நட், கிளிப் ஏதோ உள்ளே போயிருக்கிறது.

நீலப்புகைக்கு இன்னொரு சோதனை. டர்போவின் புகை வெளியேறுகிற பக்கத்தையும், டர்போவுக்கு முன்னால் இருக்கிற மேனிஃபோல்டையும் கழற்றிப் பாருங்கள். மேனிஃபோல்டே ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் இன்ஜினிலிருந்து வருகிறது. மேனிஃபோல்டு காய்ந்து, டர்போவின் வெளிவாய் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போவிலிருந்து வருகிறது.

டர்போவிலிருந்துதான் வருகிறது என்றாலும் அவசரப்படாதீர்கள். அதற்குள் ரப்பர் சீல் எதுவும் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன வளையம்தான். பேரிங்கில் விழுகிற ஆயில் தானாகக் கீழே வழிந்து இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்புக்குப் போக வேண்டும். அந்த ரிட்டர்ன் பைப் நசுங்கியிருந்தாலோ, உள்ளே கரி கட்டியிருந்தாலோ, ஆயில் போக வழியில்லாமல் வளையத்தைத் தாண்டி வந்துவிடும். பிரீதர் அடைத்தாலும் இதே கதை. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் தளர்த்தி மேலேயே வையுங்கள். மூடி துள்ளிக் குதித்து, குபுகுபுவென்று ஆவி வந்தால் சம்புக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. அதைச் சரி பண்ணாமல் எத்தனை டர்போ மாட்டினாலும் ஆயில் வரும்.

மூன்று டர்போ தின்ற வண்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரியிலிருந்து ஒரு அண்ணா வண்டி கொண்டுவந்தார். பதினோரு மாசத்தில் மூன்றாவது டர்போ ஊளையிட ஆரம்பித்திருந்தது. இரண்டு தடவையும் மாட்டியவர்கள் டர்போ மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டார்களாம். நான் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகிற ஃபீட் பைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். ஆயில் தாராளமாகப் போக வேண்டிய துளையில், சுவர் முழுக்கக் கரி படிந்து, நடுவில் குண்டூசி நுழைகிற அளவுதான் மிச்சம் இருந்தது. பைப்பை இன்ஜினோடு சேர்க்கிற பாஞ்சோ போல்ட்டுக்குள் ஒரு சின்ன வலை இருக்கும், எல்லா வண்டியிலும் இல்லை, அவர் வண்டியில் இருந்தது. அந்த வலையை ஊக்கால் நெம்பி எடுத்தபோது தார் உருண்டை மாதிரி வந்தது. மூன்று டர்போவையும் கொன்றது இந்த இரண்டு சாமானும்தான். அந்த அண்ணா பிளந்த பைப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அதனால் டர்போ மாற்றும்போது ஃபீட் பைப்பையும் பாஞ்சோ போல்ட்டையும் புதுசாகப் போடுங்கள். கழுவி மாட்டுகிற வேலை வேண்டாம், உள்ளே படிந்த கரி பிறகு உதிர்ந்து பேரிங்குக்குத்தான் போகும். பைப்பின் டர்போ முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஸ்டார்ட் ஆகாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடியுங்கள். ஆயில் தொடர்ச்சியாகக் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஆயில் பம்ப், சம்ப் ஸ்ட்ரெய்னர் வரை பார்த்தாக வேண்டும்.

மாட்டும்போது

பழைய டர்போவிலிருந்து ஆயில் கொட்டியிருந்தால் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தேங்கிய ஆயிலை டீசல் இன்ஜின் உறிஞ்சினால் அதையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கையும் ஹேண்ட்பிரேக்கையும் முழுக்கப் பிடித்து, கிளட்சிலிருந்து காலை எடுத்து இன்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் காற்று வாயைப் பலகையால் மூடுங்கள், கையால் ஒருபோதும் மூடாதீர்கள். அதற்கும் வழியில்லை என்றால் எல்லோரும் விலகி நில்லுங்கள். சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலர் இண்டு இடுக்கில் அலுமினியத் துகள் தங்கும், எனக்குச் சந்தேகம் இருந்தால் இன்டர்கூலரையே மாற்றிவிடுவேன்.

எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் கட்டாயம் புதுசு, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற தரத்தில். காப்பர் வாஷர், பேக்கிங் எல்லாமும் புதுசு. ஆயில் போகிற வாயில் சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள். பிதுங்கி உள்ளே வந்த துணுக்கு பேரிங் துளையை அடைத்துவிடும். மாட்டுவதற்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, தண்டை விரலால் நாலு சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் ஆகாத நிலையில், ஆயில் லைட் அணைகிற வரை செல்ஃப் அடியுங்கள், விட்டுவிட்டு அடிக்க வேண்டும். அப்புறம் கனெக்டர் மாட்டி ஸ்டார்ட். ஐந்து நிமிஷம் ஐட்லிங், ஏக்சிலேட்டரில் கால் வைக்கவே கூடாது. சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் எரிந்து கொஞ்ச தூரம் புகை வரும், வண்டிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மலை ஏறி வந்து நிற்கிற வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. டீ குடிக்க நிறுத்தினதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள். சூடு தணியாமல் நிறுத்தினால் பேரிங்கில் நிற்கிற ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். அந்தக் கோத்தகிரி வண்டியின் பைப்பில் நான் பார்த்த கரியும் அப்படிச் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாம் மாட்டிய பிறகு அதே ஏற்றத்தில், அதே மூன்றாவது கியரில் ஓட்டி, முன்பு பதிவு பண்ணிய கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். 500 கி.மீ. ஓடியதும் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். கிளாம்ப்களை ஒரு சுற்று பார்த்து, ஃபீட் பைப்பின் இரண்டு முனையையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். துணியில் ஈரம் இல்லை என்றால் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.